தோல் இறுக்கும் சிகிச்சை: அடுத்த தடவை எப்போது?

ஹைஃபு என்கிற அல்ட்ராசவுண்ட் சிகிச்சை முடிந்த ஒரே மாதத்தில், "ஒண்ணும் தெரியலையே, இன்னொரு தடவை பண்ணிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். தோலுக்கு அடியில் 1.5 முதல் 4.5 மி.மீ. ஆழத்தில் 60 டிகிரிக்கு மேல் சூடேற்றி, கண்ணுக்குத் தெரியாத புள்ளிக் காயங்களை இந்தக் கருவி உண்டாக்குகிறது. அவை ஆறும்போதுதான் புதிய கொலாஜன் உருவாகும். பலன் முழுதாகத் தெரிய 2, 3 மாதம், சிலருக்கு 6 மாதம்கூட ஆகும். பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

நுண்ணூசிகள் வழியே ரேடியோ அலையால் சூடேற்றும் நுண்ணூசி ஆர்.எஃப். சிகிச்சை என்றால் கணக்கு வேறு: 4 முதல் 6 வார இடைவெளியில் சில அமர்வுகள்.

ஒல்லியான முகக்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சூடு மிஞ்சினால் கன்னத்துக் கொழுப்பு கரைந்து, முகம் ஒட்டிப்போய் வயது கூடித் தெரியும். நுண்ணூசி ஆர்.எஃப். பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் எச்சரித்ததும் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் ஆகியவற்றைச் சொல்லித்தான். மாநிறத் தோலில் சின்னச் சூட்டுக்காயம்கூட மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும்.

பேஸ்மேக்கர், கர்ப்பம், முகத்தில் அக்கி, ஃபில்லர் ஊசி எதுவானாலும் தோல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பார்லர் சலுகையை நம்பிப் போகாதீர்கள். போன தடவை எந்தக் கருவி, எவ்வளவு ஆழம், எத்தனை ஷாட் என்று எழுதி வாங்கி, அடுத்த தடவை அந்தச் சீட்டைக் காட்டுங்கள். சிகிச்சைக்குப் பிறகு கொப்புளம் வந்தாலோ, சிரிக்கும்போது வாய் ஒருபக்கம் இழுத்தாலோ, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.