போட்டியும் உற்பத்தித் திறனும்
மேனிலை இரண்டாம் ஆண்டு, பொருளியல் பிரிவு மாணவியர்

எதிரே புதுக்கடை ஒன்று திறக்கப்பட்டால், பழைய கடைக்காரரின் முகத்திலும் புன்னகை வந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பெரிய தொழில்களிலும் போட்டி இவ்வாறு மாற்றம் உண்டாக்குமா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒருவர் ஒரு மணி நேர உழைப்பில் ஆக்கும் பொருளின் அளவே உழைப்பின் உற்பத்தித் திறன் எனப்படும். இயந்திரமும் கல்வியும் அதை உயர்த்தும் என்று படிக்கிறோம். போட்டியும் உயர்த்தும் என்பதற்கு அமெரிக்க இரும்புச் சுரங்கங்கள் சான்றாகும்.

மின்னசோட்டா மாநிலத்து மெசாபி பகுதியில் வெட்டப்படும் இரும்புத் தாது, சுப்பீரியர் ஏரி வழியாகக் கப்பலில் எஃகு ஆலைகளுக்குச் செல்கிறது. தொலைநாட்டுத் தாதுவைக் கொண்டுவரச் செலவு மிகுதியாதலால், இச்சுரங்கங்களுக்கு நெடுங்காலம் வெளிப்போட்டி இருக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் எஃகின் தேவை சரிந்தது. அதே வேளையில், சிகாகோ ஆலைகளுக்கே மலிவாகத் தாது தருவதற்குப் பிரேசில் நாட்டு நிறுவனங்கள் முன்வந்தன.

அதற்கு முன் பல ஆண்டுகளாக அதிகம் மாறாதிருந்த உற்பத்தித் திறன், சில ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று! 2005-இல் இதை ஆராய்ந்து எழுதிய பொருளியலாளர் ஜேம்ஸ் ஷ்மிட்ஸ், வேலை முறையின் மாற்றமே முக்கியக் காரணம் என்றார். முன்பெல்லாம் இயந்திரம் பழுதானால், அதை இயக்குபவர் தொடக்கூடாது. பழுது பார்ப்பவர் வரும்வரை வேலை நிற்கும். புதிய ஒப்பந்தங்களுக்குப் பின், சிறு பழுதுகளை இயக்குபவரே சரிசெய்தார்.

இனி, அளவிடுவதில் உள்ள சிக்கலைப் பார்ப்போம். தாதுவை டன் கணக்கில் எடை போடலாம். பல தொழில்களிலோ விற்பனை மதிப்பைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். ஒரு தையல் நிலையம் நாளொன்றுக்கு 20 சட்டைகள் தைத்து, சட்டைக்கு 10 ரூபாய் கூலி பெறுவதாகக் கொள்வோம். வரவு 200 ரூபாய். போட்டி வந்தபின் அதே ஆட்கள் 25 சட்டைகள் தைத்தாலும், கூலி 7 ரூபாயாகக் குறைந்தால் வரவு 175 ரூபாய்தான். உழைப்பு சிறந்தது, கணக்கோ தாழ்ந்தது என்கிறது! எனவே விலை மாற்றத்தை நீக்கிய பின்னரே திறனை ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தேவை சரிந்ததாலும், குறைந்த ஆட்களே போதும் என்றானதாலும், சுரங்கத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். வேலையில் இருப்பவரின் உழைப்பு நேரத்தைக் கொண்டே திறன் கணக்கிடப்படுகிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அக்கணக்கில் இல்லை. "என் வேலையைப் பிறர் தொடக்கூடாது" என்ற பழைய விதிகள் வேலையைத் தாமதப்படுத்தின என்பது உண்மை. ஆனால் வேலை போய்விடுமே என்ற தொழிலாளரின் அச்சமும் பொய்யன்று.

போட்டி சோம்பலைப் போக்குகிறது. அதன் பயனைப் பங்கிடும் பொறுப்பு மனிதருடையது. ஆகவே தோழியரே, மணிக்கு எத்தனை டன் என்று கேட்கும்போதே, எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது என்றும் கேட்கப் பழகுவோம்.