உதிரும் சிமென்ட் தரைக்கு மறுவாழ்வு

போர்ட்டிகோ, துணி துவைக்கும் இடம் போன்ற இடங்களில் சிமென்ட் தரை பெருக்கப் பெருக்க மாவாக உதிர்கிறதா? அதன் மேல் நேரடியாகப் பெயின்ட் அடிக்காதீர்கள். சீக்கிரமே உரிந்துவிடும்.

முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, மீதித் தரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்க் கறை துளியும் இருக்கக் கூடாது.

குழி அடைக்கும் வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காய்ந்த பழைய தரை புதுக் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் பிடிப்பு எங்கிருந்து வரும்? தரையை நன்றாக நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, லேட்டக்ஸ் திரவம் சேர்த்த சிமென்ட் பாலைத் தடவுங்கள். அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலந்து அழுத்தி நிரப்புங்கள். 7 நாள் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தால் இறுகிவிடும். பூச்சுக்கு 28 நாள் பொறுப்பது நல்லது.

பூசுவதற்கு முன், ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் காய வேண்டும்.

எபாக்ஸி வீட்டுக்குள் அருமை, வெயிலில் மஞ்சளிக்கும். வெளியே பாலியூரித்தேன் பூச்சுதான் சரி. துவைக்கும் இடத்தில் முதல் பூச்சு காயுமுன் சலித்த மணலைத் தூவி, மறுபூச்சு கொடுங்கள். வழுக்காது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.