சாம்பல் மண்ணும் செம்மறி மந்தையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

மண் என்றதும் செம்மண், கரிசல், வண்டல் என்று நம் ஊர் மண்வகைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. வானத்திலிருந்து விழுந்த மண் ஒன்று உண்டு என்று சொன்னால் நம்மில் பலர் சிரிப்பார்கள். ஆனால் எரிமலை கக்கிய சாம்பலும் சிறு கற்களும் காற்றில் வந்து படிந்து, அதன்மேல் புல் முளைத்து, அந்தப் புல்லின் வேர் மக்கி, காலப்போக்கில் மண்ணாகிவிடுவது உலகின் பல மலைநாடுகளில் நடக்கிற செய்தியே. அட்லாண்டிக் கடலின் வடகோடியிலுள்ள ஐஸ்லாந்து தீவில் மண்ணின் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறிய நாடு. பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். சராசரியாக நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஓர் எரிமலை அங்கே வாய் திறக்கிறது. அந்த மண்ணின்மேல் 1,100 ஆண்டுகளுக்கும் மேலாகச் செம்மறி மேய்ந்து வருகிறது. நான் ஆடு மேய்க்கும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன். எனவே கட்டுரை ஓரிரு இடங்களில் ஆட்டின் பக்கம் சாய்ந்தால் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சாம்பல் என்று வழங்குகிறோமே தவிர, எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போல எதுவும் எரிந்து உண்டானதன்று. உருகிய பாறைக் குழம்பு வெடித்துச் சிதறி, மிக விரைவாகக் குளிர்ந்ததால் உண்டான கண்ணாடித் துகள் அது. நுண்நோக்கியில் பார்த்தால் உடைந்த பாட்டிலின் சில்லுகள் போலக் கூர்கூராக இருக்கும். மாவு போன்ற பொடியும் அதில் உண்டு, பட்டாணி அளவுக் கல்லும் உண்டு, கொப்புளம் நிறைந்த கனமற்ற சரளையும் உண்டு.

கண்ணாடி, படிகப் பாறையைவிட விரைவில் சிதையும். மழைநீரில் அது கரைந்து, அல்லோபேன் என்னும் பொருளாக மாறுகிறது. இது உள்ளே வெற்றிடமான மிக நுண்ணிய உருண்டைகளாக இருக்கும். ஓர் உருண்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் லட்சக்கணக்கான பங்குகளுள் நாலைந்து பங்குதான். இந்தக் குட்டிப் பந்துகள் நீரைப் பிடித்துவைக்கின்றன; மக்கிய தாவரப் பொருளையும் விடாமல் பற்றிக்கொள்கின்றன. அதனால் மண் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கிறது. இதற்கு ஆண்டோசால் என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'ஆன்' என்றால் கருமை, 'தோ' என்றால் மண். நம் ஊர் நிலத்து மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராமிலிருந்து 1.5 கிராம் வரை இருக்கும்; ஆண்டோசால் 0.9 கிராமுக்கும் குறைவு. கையில் அள்ளினால் பஞ்சு போல இருக்கும் என்று எழுதுகிறார்கள். ஒரு குறையும் உண்டு: பாஸ்பேட் உரம் போட்டால் பயிருக்குக் கொடுக்காமல் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஐஸ்லாந்தின் பாறை பெரும்பாலும் பசால்ட். நம் தக்காணப் பீடபூமியில், மகாராஷ்டிரத்தில் பரந்து கிடப்பதும் அதே பசால்ட்தான். அங்கே வெயிலிலும் பருவமழையிலும் நெடுங்காலம் சிதைந்து, ஒட்டும் களிமண் மிகுந்த கரிசலாகிவிட்டது. மழை பெய்த மறுநாள் கரிசலில் நடந்தவனுக்குத் தெரியும், ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி மண் காலோடு வரும். ஐஸ்லாந்தின் மண்ணுக்கு இந்தப் பசை கிடையாது. தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கும், சத்தும் வைத்திருக்கும். ஆனால் ஒரு துகள் இன்னொரு துகளை இறுகப் பிடித்துக்கொள்ளாது. கதை முழுவதும் இந்த ஓர் இயல்பில் அடங்கியிருக்கிறது. அந்த மண்ணைக் கட்டி நிறுத்துவது களிமண் அன்று, மேலே பின்னிக் கிடக்கும் வேர்ப்பாய்தான்.

அந்தப் பாயில் ஓர் இடத்தில் கிழிசல் விழுந்தால் என்ன ஆகும்? குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் ஊசி ஊசியாக உறைந்து மேல்மண்ணைத் தூக்கிவிடுகிறது; உருகும்போது மண் பொலபொலவென்று உதிர்கிறது. விதை முளைத்தாலும் அந்த ஊசிகள் வேரோடு பிடுங்கிப் போட்டுவிடும். பிறகு காற்று வருகிறது. கிழிசலின் விளிம்பு ஒரு சிறு மதில் போல நின்று, அடியில் அரிபட்டு, மேலே புல்லும் கீழே வெறுமையுமாகச் சரிந்து பின்வாங்குகிறது. சில இடங்களில் இம்மதில் இரண்டு ஆள் உயரம் இருக்கும். மண் முழுதும் போனபின் எஞ்சுவது சரளை. உறைபனி அடியிலுள்ள கற்களையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால், மலைமேய்ச்சல் நிலங்கள் பல இன்று கருங்கல் பரப்பிய களம் போலக் கிடக்கின்றன. மழைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் பாலைவனம் என்றால் விந்தையாகத்தான் இருக்கிறது. 1997-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறிப்பிடத்தக்க அல்லது கடுமையான அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகக் கணக்கிட்டது.

இதற்கு யார் பொறுப்பு? எரிமலையா, ஆடா?

எரிமலைதான் என்று சொல்வது எளிது. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்து மக்கள் குடியேறுவதற்கு முன்பும் அதே எரிமலைகள் வெடித்துக்கொண்டுதான் இருந்தன, அதே சாம்பல்தான் விழுந்தது. அப்போது நிலத்தில் கால்பங்குக்குக் குறையாமல் பிர்ச் என்னும் குட்டைமரக் காடும் புதரும் இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். மண்ணடுக்குகளிலுள்ள மகரந்தத் துகள்கள் அதற்குச் சாட்சி. குடியேற்றத்திற்குப் பின்னான அடுக்குகளில் பிர்ச் மகரந்தம் குறைந்து, புல் மகரந்தம் பெருகுகிறது.

இன்னொரு சாட்சி அதைவிட அழகானது. சிகுர்தூர் தோராரின்சன் என்ற ஐஸ்லாந்து அறிஞர் 1944-இல் தம் ஆய்வேட்டில், சாம்பல் அடுக்குகளைக் கொண்டு மண்ணின் வயதைக் கணிக்கும் முறையை விரிவாக நிறுவினார். எரிமலை வெடித்த ஆண்டு பழைய குறிப்புகளில் இருக்கிறது. உதாரணமாக ஹெக்லா எரிமலை 1104-இல் வெள்ளை நிறச் சாம்பலைக் கக்கியது. கறுத்த மண்ணில் அந்த வெள்ளைக் கோடு, கணக்குப் புத்தகத்தில் போட்ட தேதி போல நிற்கிறது. இரண்டு கோடுகளுக்கு இடையே எவ்வளவு மண் சேர்ந்தது என்று அளந்து பார்த்தால், மக்கள் குடியேறிய பிறகு மண் சேரும் வேகம் பல மடங்கு கூடியிருப்பது தெரிகிறது. மண் கூடியது நல்லதுதானே என்று தோன்றும். அன்று! அது வேறோர் இடத்தில் பெயர்க்கப்பட்டுக் காற்றில் வந்த மண். ஓரிடத்துப் படிவு இன்னோர் இடத்து இழப்பு.

அப்படியானால் ஆடுதான் குற்றவாளியா? மனிதர் வருமுன் அத்தீவில் மேயும் விலங்கே இல்லை. தரைவாழ் பாலூட்டியாகத் துருவநரி ஒன்றுதான் இருந்தது. கடிபடாமலே வளர்ந்த செடிகளிடையே ஆடு, மாடு, குதிரை எல்லாம் ஒரே நேரத்தில் வந்திறங்கின. கோடையில் மந்தைகள் ஊர்ப்பொது மலைக்கு ஏற்றப்பட்டன. செப்டம்பரில் ஊரே கூடி அவற்றை ஓட்டிவந்து, காதில் வெட்டிய அடையாளம் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்துக்கொள்ளும். இவ்வழக்கம் இன்றும் உண்டு. எங்கள் வீட்டு ஆட்டுக்கும் காதில்தான் அடையாளம். ஆதலால் இப்பகுதியைப் படித்தபோது எனக்கு அந்நாடு தொலைவாகத் தோன்றவில்லை.

சாம்பலும் ஆடும் சேர்ந்து செய்த வேலையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பத்து அங்குலச் சாம்பல் விழுந்தாலும் பிர்ச் மரத்தின் தலை வெளியே நிற்கும். கிளைகளின் இடையே காற்று தணிவதால் சாம்பல் அங்கேயே தங்கி, இலைச்சருகுக்கு அடியில் போய், அடுத்த மண்ணடுக்காகிவிடும். இரண்டு அங்குலப் புல்லாக மேய்ந்து விடப்பட்ட நிலத்தில் அதே சாம்பல் விழுந்தால் புல் புதைந்து மாளும். சாம்பல் காற்றில் எழுந்து, கூரிய கண்ணாடிச் சில்லுகளால் பக்கத்து நிலத்தின் செடியையும் அறுக்கும். ஆக, உயரமான செடிக்குச் சாம்பல் எரு. குட்டையான செடிக்கு அதுவே புதைகுழி. எரிமலையின் வலிமை மாறவில்லை, செடியின் உயரம்தான் மாறியது.

இதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2010 ஏப்ரலில் ஏயாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலை வெடித்து ஐரோப்பாவின் விமானங்களையெல்லாம் தரையில் நிறுத்தியது நினைவிருக்கலாம் (பெயரை உச்சரிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது). அதன் வடபுறம் அடிவாரத்தில் தோர்ஸ்மோர்க் என்ற இடம். அங்கே 1920-களிலேயே மேய்ச்சலை நிறுத்தி வேலியிட்டதால் பிர்ச் காடு மீண்டிருந்தது. 2010-இன் சாம்பலை அக்காடு தாங்கிக்கொண்டது. செடி குன்றிய வெற்றுநிலங்களில் விழுந்த சாம்பலோ நீண்டநாள் புழுதிப் புயலாக அலைந்தது.

ஆனாலும் அந்தப் பழங்குடியேறிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தானியம் சரிவர விளையாத குளிர்நாட்டில் ஆட்டின் பாலும் இறைச்சியும் உயிர். அதன் மயிரே உடை. மேய்ச்சலைக் குறைத்திருக்கலாமே என்று கதகதப்பான வகுப்பறையிலிருந்து சொல்வது சுலபம். 1783-இல் லாகி எரிமலைப் பிளவு எட்டு மாதம் கக்கியபோது, புல்லில் படிந்த புளோரின் நஞ்சாலும் பட்டினியாலும் நாட்டின் செம்மறிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மடிந்தன. ஆடு போன பின் மனிதரும் போனார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தனர்.

இதையெல்லாம் விடுமுறையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்வி எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத கேள்வி. "ஏம்ப்பா, அம்புட்டு ஆடு வச்சிருந்தாங்களே, கிடை போட மாட்டாங்களாமா?" கிடை என்பது இரவில் மந்தையை வயலில் அடைத்துப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரச் செய்வது, ஆட்டுக்காரன் நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் வாடகை என்றே அதைச் சொல்லலாம். தேடிப் பார்த்தேன். ஐஸ்லாந்தில் காடு அழிந்தபின் விறகு இல்லை. குளிர்காலத்தில் ஆட்டுக்கொட்டிலில் மிதிபட்டு இறுகிய புழுக்கையைக் கட்டிகளாக வெட்டி, உலர்த்தி, அடுப்பில் எரித்தார்கள். மாட்டுச் சாணம் போன்றவை வீட்டை அடுத்த வைக்கோல் புல்வெளிக்குப் போயின. மலைக்குத் திரும்பியது சொற்பம். மரம் போனதால் எருவும் போயிற்று. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மல எப்புடி எந்திரிக்கும்?" என்றார்.

எழுப்ப முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 1907-லேயே மண்காப்புக்குச் சட்டம் இயற்றிய நாடு அது. உலகில் அவ்வகையில் மிக மூத்தவற்றுள் ஒன்று. மணல் மேட்டில் வேரோடி மண்ணைப் பிடிக்கும் மெல்கிரேசி என்னும் கடற்கரைப் புல்லை விதைத்து மணலை நிறுத்தினார்கள். 1970-களில் பழைய டி.சி.3 விமானத்திலிருந்து விதையும் உரமும் தூவினார்கள். 1945-இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த லூபின் என்ற அவரைக் குடும்பச் செடி, வேர்முடிச்சால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சரளையிலும் செழித்தது. ஆனால் உள்ளூர்ச் செடிகளையும் மூடிப் பரவுவதால் அதை வேண்டாமென்பாரும் உளர். தாவரவியல் மாணவன் என்ற முறையில் நான் அவர்கள் பக்கம். விவசாயிகளே தம் நிலத்தில் பழைய வைக்கோலும் எருவும் பரப்பும் திட்டமும் இருக்கிறது. 1970-களின் இறுதியில் ஒன்பது லட்சத்தை நெருங்கிய செம்மறித் தொகை இப்போது அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஹெக்லாவைச் சுற்றி நடக்கும் வேலை. ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டரில் பிர்ச் காட்டை மீட்க 2007-இல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அத்தனை இடத்திலும் நட முடியாது என்பதால், அங்கங்கே சிறு தோப்புகளாக நடுகிறார்கள். விதை மிக இலேசானது. வளர்ந்த தோப்பிலிருந்து காற்றே அதைச் சரளைமேல் கொண்டுபோய்த் தூவும். மண்ணைத் தூக்கிப்போன அதே காற்று! ஹெக்லா கடைசியாக வெடித்தது 2000 பிப்ரவரியில். அடுத்த சாம்பல் விழுவதற்குள் கன்றுகள் ஆள் உயரமாகிவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.