இந்த ஏரியாவுக்கு டிஃபால்ட் ரூட் தருவது யார்?

நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கான நேர்காணலில் ஓஎஸ்பிஎஃப் பற்றிப் பேச்சு வந்தால், டிஃபால்ட் ரூட்டும் பின்னாலேயே வந்துவிடும். கட்டளையை மனப்பாடம் செய்தவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார், "அதே ஏரியா ஸ்டப் ஏரியாவாக இருந்தால்?" என்றதும் திணறுவார். எந்த வரைபடத்தை நீட்டினாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே டிஃபால்ட் ரூட்டைத் தருவது யார்? அந்த ரூட்டர் அதை எப்போது நிறுத்தும்?

சாதாரண ஏரியா

இணைய இணைப்புள்ள எல்லை ரூட்டரில் 0.0.0.0/0 ஸ்டாட்டிக் ரூட் இருந்தால் மட்டும் போதாது. சிஸ்கோவில் 'ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக்' போட்டாலும் மற்ற ஸ்டாட்டிக் ரூட்டுகள் போகும், டிஃபால்ட் போகாது. அதற்கென்றே 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' கொடுக்க வேண்டும். அப்போது அந்த ரூட்டர் ஏஎஸ்பிஆர் ஆகிறது. டிஃபால்ட் ரூட் டைப் 5 எல்எஸ்ஏ-வாகச் சாதாரண ஏரியாக்கள் அனைத்திலும் பரவுகிறது. ரூட்டிங் டேபிளில் 'ஓ*ஈ2' என்று நிற்கும். தானாக அமையும் மெட்ரிக் 1.

இரண்டு எல்லை ரூட்டர்கள் ஒரே மெட்ரிக்கில் ஈ2 அனுப்பினால், ஒவ்வொரு ரூட்டரும் தனக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும். ஒன்று முதன்மை, மற்றது மாற்று என்று வேண்டுமானால் மெட்ரிக்கை 10, 100 என்று பிரித்துக் கொடுங்கள்.

ஸ்டப், டோட்டலி ஸ்டப்பி

ஸ்டப் ஏரியாவுக்குள் டைப் 5 நுழையாது. ஏஎஸ்பிஆர் அனுப்பிய டிஃபால்ட் ஏபிஆர்-ஓடு நின்றுவிடும். அதற்குப் பதிலாக ஏபிஆர் தானே ஒரு டிஃபால்ட்டை டைப் 3 ஆக உருவாக்கி உள்ளே விடும். அது 'ஓ*ஐஏ' என்று தெரியும். மற்ற ஏரியாக்களின் ரூட்டுகளும் வேண்டாம் என்றால் 'நோ-சம்மரி' சேர்த்தால் டோட்டலி ஸ்டப்பி. இதை ஏபிஆரில் மட்டும் போட்டால் போதும். 'ஸ்டப்' என்ற சொல்லோ அந்த ஏரியாவின் எல்லா ரூட்டர்களிலும் இருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் ஹலோ பாக்கெட்டில் உள்ள ஈ-பிட் ஒத்துப்போகாமல் நெய்பர் உறவே அமையாது. ஏரியா 0-வை ஸ்டப் ஆக்க முடியாது.

என்எஸ்எஸ்ஏ

பலர் சறுக்கும் இடம் இதுதான். இங்கும் டைப் 5 வராது. ஆனால் ஸ்டப் போல சிஸ்கோ ஏபிஆர் தானாக டிஃபால்ட் தராது. 'ஏரியா 1 என்எஸ்எஸ்ஏ டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன்-ஒரிஜினேட்' கொடுத்தால் டைப் 7 ஆக வரும். 'ஓ*என்2' என்று தெரியும். 'என்எஸ்எஸ்ஏ நோ-சம்மரி' கொடுத்தாலோ டைப் 3 டிஃபால்ட் தானாகவே வந்துவிடும்.

ஜூனிப்பர் பெட்டிகளில் வேலை என்றால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: அங்கே ஸ்டப் ஏரியாவுக்குக்கூட 'டிஃபால்ட்-மெட்ரிக்' குறிப்பிட்டால்தான் ஏபிஆர் டிஃபால்ட் தரும்.

எப்போது நிறுத்தும்?

'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' மட்டும் இருந்தால், எல்லை ரூட்டரின் சொந்த டேபிளில் டிஃபால்ட் உள்ளவரைதான் அறிவிப்பு இருக்கும். அது மறைந்தால் எல்எஸ்ஏ-வும் திரும்பப் பெறப்படும். போக்குவரத்து மாற்று ரூட்டருக்குத் திரும்பும். 'ஆல்வேஸ்' சேர்த்தால் டேபிளில் டிஃபால்ட் இல்லாவிட்டாலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இணைய இணைப்பு அறுந்த பிறகும் பாக்கெட்டுகள் அந்த ரூட்டரைத் தேடி வந்து அங்கேயே தொலையும். லேபில் வசதியான சொல், இரண்டு வெளிவழி உள்ள அலுவலகத்தில் ஆபத்தான சொல்.

ஸ்டாட்டிக் ரூட்டிலும் ஒரு பொறி உண்டு. சேவை நிறுவனத்தின் உட்பகுதியில் பழுது என்றால் உங்கள் ஈதர்நெட் போர்ட் 'அப்' என்றே காட்டும், ஸ்டாட்டிக் ரூட் அப்படியே இருக்கும், அறிவிப்பும் தொடரும். வெளியே உள்ள முகவரியை ஐபி எஸ்எல்ஏ மூலம் சோதித்து, அதன் முடிவோடு ஸ்டாட்டிக் ரூட்டை 'டிராக்' கொண்டு கட்டுங்கள்.

ஸ்டப் ஏரியாவில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தன்னிடம் டிஃபால்ட் இருக்கிறதா என்று பார்க்காமலே ஏபிஆர் உள்ளே ஒன்றை அறிவிக்கும். கிளை அலுவலகத்தின் டேபிளில் டிஃபால்ட் தெரிகிறது என்பதற்காக இணையம் இருக்கிறது என்று டிக்கெட்டை மூடிவிடாதீர்கள்.

பழுது பார்க்கும் வரிசை

முதலில் கிளை ரூட்டரில் 'ஷோ ஐபி ரூட்'. ஓ*ஈ2, ஓ*ஐஏ, ஓ*என்2 என்ற குறியே டிஃபால்ட் எந்த வழியில் வந்தது என்று சொல்லிவிடும். அடுத்து 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ்' பார்த்து, அறிவித்த ரூட்டரின் ஐடியைக் கண்டுபிடியுங்கள். கடைசியில் அந்த ரூட்டருக்கே போய் அதன் டேபிளில் டிஃபால்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நேர்காணலுக்கு முன் ஜிஎன்எஸ்3-யில் நான்கு ரூட்டர்களைக் கோத்து, ஒரே ஏரியாவை மூன்று வகையாகவும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெளி இணைப்பைத் துண்டித்து, டிஃபால்ட் மறைகிறதா, நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டளை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தெரிந்தவரை நம்பித்தான் நெட்வொர்க்கைக் கொடுப்பார்கள்.