புராஸ்டேட் சோதனை: படத்தில் ஐயம், திசுவில் நோயின்மை

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கத்தைச் சூழ்ந்து அமைந்த சுரப்பியாகும். இதில் புற்றுநோய் இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. படம் காட்டிய பின்னர், ஊசியால் எடுத்த திசுவில் நோய் இல்லை என்று முடிவு வருவது அரிதன்று. அந்நிலையில் நோயாளி படம் பொய்த்தது என்று கருதிக் கவலையை விடுகிறார். அல்லது ஊசி தவறிவிட்டது என்று அஞ்சி உறக்கம் இழக்கிறார். இரண்டுமே அவசர முடிவுகள். இரு சோதனைகளும் இரு வேறு வினாக்களுக்கு விடை கூறுபவை.

படம் கூறுவது

எம்.ஆர்.ஐ. படம் காட்டுவது திசுவின் இயல்பையே. செல்கள் நெருங்கிக் குவிந்த இடத்தில் நீர் மூலக்கூறுகளின் அசைவு தடைப்படுவதால், அவ்விடம் படத்தில் வேறுபட்டுத் தோன்றுகிறது. ஐயத்தின் அளவை 1 முதல் 5 வரை எண்களால் குறிக்கும் பை-ராட்ஸ் முறை 2012-இல் வெளியாகி, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதில் 5 என்பது மிகுந்த ஐயமேயன்றி, தீர்ப்பு அன்று. நாட்பட்ட அழற்சி, காசநோய், முதுமையில் தோன்றும் சாதாரண முடிச்சுகள், முந்திய ஊசிச் சோதனையின் இரத்தக் கசிவு ஆகியனவும் புற்றுநோய் போலவே தோன்றக்கூடும்.

ஊசி கூறுவது

ஒரு சுரப்பியின் பருமன் 40 கன சென்டிமீட்டர் என்று கொள்க. அதிலிருந்து 12 துண்டுகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் 17 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் விட்டமும் உடையதாயின், அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 0.16 கன சென்டிமீட்டரே ஆகும். அதாவது, சுரப்பியில் 250-இல் ஒரு பங்கே நுண்பெருக்கியின் கீழ் ஆராயப்படுகிறது. ஐயமுள்ள இடத்தையே குறிவைத்து ஊசி செலுத்தும்போதும், சில மில்லிமீட்டர் விலகினால் சிறிய கட்டி தப்பிவிடலாம். ஆகவே, ‘நோயில்லை’ என்பது எடுத்த திசுவைப் பற்றிய கூற்று. சுரப்பி முழுவதையும் பற்றியதன்று.

ஆய்வு காட்டிய உண்மை

பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான புராமிஸ் ஆய்வு இரு பக்கங்களையும் விளக்குகிறது. ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ. படமும், வழக்கமான ஊசிச் சோதனையும், 5 மில்லிமீட்டர் இடைவெளியில் சுரப்பி முழுவதும் திசு எடுக்கும் நுட்பமான சோதனையும் செய்யப்பட்டன. படத்தில் ஐயம் தோன்றியவர்களுள் 51 சதவிகிதத்தினருக்கே கருதத்தக்க புற்றுநோய் இருந்தது. அத்தகைய நோய் உள்ளவர்களுள் 48 சதவிகிதத்தினரை மட்டுமே வழக்கமான ஊசிச் சோதனை கண்டுபிடித்தது. படம் வீணே அச்சுறுத்துவதும் உண்டு. ஊசி தவறவிடுவதும் உண்டு.

அடுத்து வேண்டுவது

மருத்துவர்கள் முதலில் எழுப்பும் வினா, படத்தில் தோன்றிய மாற்றத்திற்குத் திசு காரணம் கூறுகிறதா என்பதே. ஐயமுள்ள இடத்திலிருந்தே எடுத்த திசுவில் தெளிவான அழற்சி காணப்பட்டால், இரு சான்றுகளும் பொருந்துகின்றன. இயல்பான திசு மட்டுமே கிடைத்து, படத்தின் எண் 5 ஆக இருந்தால், பொருத்தம் இல்லை. படத்தை மீண்டும் ஆராய்ந்து, ஊசிச் சோதனையைத் திரும்பச் செய்வது குறித்து ஆலோசிப்பது வழக்கம்.

இரத்தத்திலுள்ள பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் பருமனால் வகுத்துப் பெறும் எண்ணும் துணைசெய்யும். மில்லிலிட்டருக்கு 6 நானோகிராம் பி.எஸ்.ஏ. உள்ள இருவருள், 60 கன சென்டிமீட்டர் சுரப்பி உடையவருக்கு இவ்வெண் 0.10; 30 கன சென்டிமீட்டர் உடையவருக்கு 0.20. பொதுவாக 0.15-க்கு மேற்பட்டால் ஐயம் வலுக்கிறது. ஐயம் குறைந்தவர்களுக்குக் குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ. சோதனையும், வேண்டின் மறுபடமும் போதுமானவை.

படமும் திசுத் துண்டுகளும் பாதுகாக்கப்பட்டிருந்தால் மற்றொரு நிபுணரும் அவற்றைப் பார்க்க இயலும். ஆதலின் நோயாளி இரு அறிக்கைகளையும் ஒருங்கே வைத்திருத்தல் நலம். நோயில்லை என்ற முடிவு பெரும்பாலும் நற்செய்தியே. ஆயினும் அது கண்காணிப்பை நிறுத்துவதற்கான அனுமதி ஆகாது.