பாறுகள் எங்கே போயின? நம்ம மாட்டுக் கொட்டகையில் இருந்து ஒரு பாடம்



காட்டு விலங்குகளும் பறவைகளும் ஏன் அழிந்து வருகின்றன என்பதுதான் இந்த மாதப் பாடம். "கடம்பத்தூர்ல ரயில் இருக்கு, கம்பெனி பஸ் இருக்கு. காடு எங்கங்க இருக்கு? இது நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் உறுப்பினர்களில் பலர் குழுக் கடனில் கறவை மாடு வாங்கியவர்கள். அந்த மாட்டுக்குப் போடும் ஒரு ஊசிக்கும், நம் நாட்டில் ஒரு பறவை இனமே அழியும் நிலைக்கு வந்ததற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

ஓர் உயிரினம் எப்படி அழிகிறது?

முதல் காரணம், அதைப் பிடித்து விற்பது. நம் நெல் வயல்களில் பூச்சி தின்று வாழ்ந்த தவளைகளைப் பிடித்து, அதன் கால்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்று தெரிந்த பிறகு, 1987ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

இரண்டாவது, வேறு ஒன்றுக்கு விரித்த வலையில் மாட்டுவது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நீருக்குள் வாழ்ந்தாலும், மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். மீன் வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

மூன்றாவது, இருக்கும் இடம் போவது. ஏரி, காடு, புல்வெளி எல்லாம் மனையாகவும் சாலையாகவும் மாறினால், அங்கே இருந்த உயிர்கள் எங்கே போகும்?

இது தவிர இன்னொரு காரணமும் உண்டு. யாரும் வேட்டையாடவில்லை, யாருக்கும் அதன் மேல் பகையும் இல்லை. ஆனாலும் அழிந்து போகிறது. பாறு பறவையின் கதை அதுதான்.

பாறு என்றால் எது?

பிணந்தின்னிக் கழுகு என்று சொல்கிறோமே, அதுதான் பாறு. நம்ம ஊரில் கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போவது பருந்து. அது வேறு. பாறு உயிருள்ள பிராணியைத் துரத்திப் பிடிக்காது. செத்துப்போன மாடு, மான், ஆடு இவற்றைத்தான் தின்னும். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மாட்டின் உடலைக் கொஞ்ச நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும்படி சுத்தம் செய்துவிடும். அதன் வயிற்றில் இருக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள பல நோய்க்கிருமிகள் அதில் செத்துவிடும். சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர் என்றே சொல்லலாம்.

செங்கல்பட்டு மாவட்டம் திருக்கழுக்குன்றம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே மலைக்கோயிலுக்கு உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து, குருக்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுப் போகும். அவை மஞ்சள்முகப் பாறு என்ற இனம். 1990களின் கடைசியில் அந்த வரவு நின்றுபோனது. நாடு முழுக்கப் பாறு இனங்கள் சரிந்ததும் அதே காலத்தில்தான்.

ஆயிரத்தில் ஒன்று

ராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள பறவைகள் சரணாலயத்தில் பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, மரத்திலிருந்து விழுந்து செத்ததை ஆய்வாளர்கள் 1990களில் கவனித்தார்கள். பிறகு நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். வெண்முதுகுப் பாறு 1992ல் ஆயிரம் இருந்தது என்றால், 2007ல் ஒன்றுதான் மிஞ்சியது. அவ்வளவு வேகமான சரிவு.

காரணம் தெரியாமல் பல வருடம் தேடினார்கள். புதுத் தொற்றுநோயாக இருக்கும் என்றும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்த ஆய்வாளர் குழு ஒன்று 2003ல் விடையைக் கண்டுபிடித்தது. அந்தப் பறவைகளின் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டிருந்தது. அதற்குக் காரணம் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து.

மூட்டு வலிக்கு நாம் போடும் மாத்திரையில் இருப்பதும் இதே மருந்துதான். 1990களில் இது மாட்டுக்கும் வந்தது. காய்ச்சல், மடிநோய், கால் வீக்கம் எதுவானாலும் ஒரு ஊசி. விலையும் குறைவு, மாடும் எழுந்து நிற்கும். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால் மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு சில நாளில் சாகும்.

"எல்லா மாட்டுக்குமா அந்த ஊசி போட்டாங்க? எப்படி இத்தனை பறவை செத்துச்சு?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. பாறு தனியாகச் சாப்பிடுவதில்லை. ஒன்று இறங்கினால் சுற்றுவட்டாரத்தில் உள்ளதெல்லாம் வந்து இறங்கும். அதனால் மருந்து ஏறிய ஒரே மாடு பல பறவைகளைக் கொல்லும். நூறு செத்த மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே இந்த அளவுக்கு இனம் சரியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. கோழி வருடம் முழுக்க முட்டையிடும். பெரும்பாலான பாறு இனங்கள் வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பெரிதாகித் தானும் முட்டையிட ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். நம் சேமிப்பை நினைத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு ரூபாய் போட்டு, மாதம் பத்து ரூபாய் எடுத்தால் கணக்கு என்னவாகும்? யானை, கடல் ஆமை இவற்றுக்கும் இதே பிரச்சினைதான். மெதுவாகப் பெருகும் உயிர், வேகமாக அழிந்தால் மீள்வது மிகக் கடினம்.

பாறு போனதால் மனிதருக்கு என்ன?

செத்த மாடுகள் ஊர் ஓரத்தில் கிடந்து அழுகின. பாறு தின்றதை நாய்கள் தின்றன. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி ஆபத்தும் கூடியது. அழுகிய கழிவு நீர்நிலைகளில் கலந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு பேர், பாறு அதிகம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரை, பாறு அழிந்ததால் இந்தியாவில் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரு பறவை போனதால் இத்தனை உயிர்!

சட்டம் என்ன சொல்கிறது?

2006ல் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான மருந்தைப் பெரிய பாட்டிலில் வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015ல், மனிதருக்கான ஊசி மருந்தை 3 மி.லி.க்கு மேல் ஒரே பாட்டிலில் அடைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இதே போலப் பாறுகளைக் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023ல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. நிமெசுலைடு 2024 டிசம்பரில் தடை செய்யப்பட்டது.

தமிழ்நாட்டில் இன்று பாறுகள் முக்கியமாக நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில்தான் வாழ்கின்றன. மிஞ்சியிருப்பவை மிகக் குறைவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

"மாடு போனா கடனை யார் கட்டுவாங்க? பறவையைப் பார்த்தா மாட்டைப் பார்க்க முடியுமா?" என்ற கேள்வி நியாயமானது. மாட்டைக் கைவிடச் சொல்லவில்லை. மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது. நன்றாக வேலை செய்யும். பாறுக்கும் பாதிப்பில்லை என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள். டோல்ஃபெனமிக் அமிலம் என்ற மருந்தும் அப்படியே. மாடும் பிழைக்கும், பறவையும் பிழைக்கும்.

"நம்ம பக்கம்தான் பாறே இல்லையே" என்றும் நினைக்கலாம். பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் கூடப் பறக்கும். மாடும் சந்தைக்குச் சந்தை கைமாறுகிறது. தடை செய்த மருந்தைக் கேட்பவர் இருக்கும் வரை விற்பவரும் இருப்பார். கேட்பதை நாம் நிறுத்தினால் விற்பது தானாகக் குறையும்.

1. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால், கடையில் "வலி ஊசி குடுங்க" என்று வாங்கிப் போடாதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

2. ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, பணம் கொடுப்பது நாம். "மெலாக்சிகாம் போடுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள்.

3. நம் மாத்திரை, ஊசி மருந்தை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

4. மாடு இறந்தால் ஏரிக்கரையிலோ ரயில் பாதை ஓரத்திலோ போடாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்குங்கள். காதுத் தோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

* உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன பறவை, மீன், விலங்கு எவை? வயதான உறுப்பினர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.
* அவை போனதற்கு, மேலே சொன்ன காரணங்களில் எது பொருந்தும்?
* உங்கள் குழுவில் எத்தனை பேரிடம் மாடு இருக்கிறது? கடைசியாகப் போட்ட ஊசியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசிக் கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பெயர் தெரிந்தவர்கள் எண்ணிக்கை கூடியிருந்தால், இந்தப் பாடம் பயன்பட்டது என்று அர்த்தம்.