குதிகால் வலி: எவ்வளவு அழுத்தித் தேய்க்கலாம்?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் முள் குத்துவதுபோல் வலிக்கிறதா? சற்று நடந்ததும் குறைந்து, மாலையில் மீண்டும் தலைகாட்டுகிறதா? ஷா ஆலம் தொழிற்சாலைகளில் சிமெண்டுத் தரையில் நின்றபடி வேலை செய்வோருக்கும், வீட்டுச் சமையலறையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்போருக்கும் வரக்கூடிய வலி இது.

வில்லின் நாண்

ஆரஞ்சுச் சுளைகளைச் சுற்றியுள்ள வெள்ளைத் தோலைப் பார்த்திருப்பீர்கள். நம் தசைகளையும் அப்படி ஓர் உறை சுற்றியிருக்கிறது. கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன இணைப்புத் திசுப் படலம் அது. உள்ளங்காலில் அது தடித்து, குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை நாண்போல் நீண்டு, பாதத்தின் வளைவைத் தாங்குகிறது. நெடுநேரம் நிற்பது, கூடுதல் உடல் எடை, மெல்லிய சிலிப்பர், இறுகிய கெண்டைக்கால் தசை ஆகியவை அதன் சுமையைக் கூட்டுகின்றன. குதிகாலில் அது ஒட்டியிருக்கும் இடம் நாளடைவில் நலிந்து வலிக்கிறது.

பலம் தேவையில்லை

“முடிச்சு விழுந்திருக்கிறது, நசுக்கிக் கரைக்க வேண்டும்” என்று பலர் முழுப் பலத்தோடு அழுத்துகிறார்கள். 2008இல் வெளியான ஒரு கணித ஆய்வு, இந்தப் படலத்தை ஒரு விழுக்காடு அமுக்குவதற்கே கையின் இயல்பான பலம் போதாது என்று காட்டியது. பிறகு ஏன் தடவினால் சுகமாக இருக்கிறது? தோலிலும் படலத்திலும் நரம்பு முனைகள் நிறைந்துள்ளன. இதமான அழுத்தம் அவற்றைத் தூண்டும்போது வலியுணர்வு மட்டுப்படுகிறது, தசையும் தளர்கிறது.

செய்முறை

1. உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடைமேல் வையுங்கள்.
2. ஒரு கையால் கால்விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். மறு கையால் உள்ளங்காலைத் தடவினால் விறைத்த நார் தட்டுப்படும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை செய்யுங்கள்.
3. பிறகு கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல்கள் நோக்கி ஓரிரு நிமிடம் மெதுவாகத் தடவுங்கள். மூச்சைப் பிடிக்கும் அளவுக்கு வலித்தால் அழுத்தம் அதிகம்.

நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். முதல் வேளை, படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே. பத்து மாதத்துக்கு மேல் வலியால் அவதிப்பட்ட 101 பேரைக் கொண்டு தொடங்கிய ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. எட்டு வாரத்தில், விரல்களை வளைக்கும் இப்பயிற்சி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைவிட நல்ல பலன் தந்தது. இரு பிரிவினருக்கும் காலணிக்குள் வைக்கும் மெத்தென்ற அட்டையும் தரப்பட்டிருந்தது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. இந்நோய் பாத நரம்புகளைப் பாதித்தால் உணர்ச்சி மங்கும்; அழுத்தம் அதிகமானாலும் சூடு பட்டாலும் தெரியாது. சிறு புண்ணே பெரிதாகலாம். ஆகவே கால் மரத்திருந்தால் பந்து, போத்தல், சுடுநீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். முதலில் கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள்.

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், ஓய்விலும் குறையாத இரவு வலி, அடிபட்ட பின் வந்த வலி இவற்றுக்கும் மருத்துவரே தேவை. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது; அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

மற்றவர்கள் பொறுமையாகச் செய்துவாருங்கள். குணமாகப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை வீட்டுக்குள்ளும் மெத்தென்ற காலணி அணியுங்கள்.